நான் எழுதிக் கொடுத்த அம்மா

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுவதில் அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு காப்பியும் ஒரு பொன்னாடையும் போதும். தலைப்பு ‘என் அம்மா’. பதினொரு பிள்ளைகள் பேசினார்கள். பதினொரு பேருக்கும் ஒரே அம்மாதான். காலையில் சிரித்த முகத்தோடு எழுப்புகிறாள், சூடாகப் பால் தருகிறாள், பள்ளி விட்டு வரும்போது வாசலில் காத்து நிற்கிறாள். ‘மை மதர்’ என்று வரும் இடத்திலெல்லாம் பதினொரு வலது கைகளும் நெஞ்சுக்குப் போய்த் திரும்பின. ஏழாவதாகப் பேசிய பையனின் தாயார் நான்கு வருடமாக வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியை என் காதில் சொன்னார். அந்தப் பையனும் வாசலில் காத்து நிற்கும் அம்மாவைத்தான் சொன்னான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மதிப்பெண் தாளில் ஒரு எண்கூடப் போடவில்லை. ‘இன்னும் எந்தப் பிள்ளையும் பேசவில்லை’ என்று குறுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டேன். அவர்களுக்கு மனத்தாங்கல். இருக்கட்டும். பேச்சை எழுதிக் கொடுத்தது யார் என்று வாசலில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். டீச்சர் போனில் தலைப்பைத் தட்டினாராம், போன் எழுதிக் கொடுத்ததாம். எங்கள் காலத்தில் அந்தப் பாவத்தைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது செலவழித்தோம். இப்போது அதுவும் தேவையில்லை.

ஆசிரியர் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் உங்கள் குழுவில் என்னிடம் கேட்டிருந்தீர்கள்: “டீச்சர், பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேச வைக்கவும் எழுத வைக்கவும் நல்ல வழி ஏதாவது சொல்லுங்கள்.” சொல்கிறேன். ஆனால் கோபமாகத்தான் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தில் பெரிய பங்கு என்மேல்தான்.

திருவனந்தபுரத்தில் சாலை என்னும் கடைத்தெருவுக்கு அருகே ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். அங்கே தமிழ் டிவிஷன் ஒன்று இருந்தது. தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் அதில் படித்தார்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், இரண்டையும் போட்டுக் குழைத்துப் பேசுவதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. இடைவேளையில் கேட்க வேண்டும், காது கிழிந்துவிடும். நான் வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். ஆங்கில வகுப்பில் நான் பேசுவேன், அவர்கள் கோரஸாக ‘யெஸ் டீச்சர்’ சொல்வார்கள். யாராவது துணிந்து வாயைத் திறந்தால் இரண்டாவது வார்த்தையிலேயே நிறுத்தித் திருத்துவேன். அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று ஹெச்.எம். எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார்.

இன்னொரு பெருமையும் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் வைத்த பெயர் ‘கப்பு டீச்சர்’. போட்டிக்கு வரக்கூடிய தலைப்புகளை முன்கூட்டியே யோசித்து, பத்துப் பேச்சு எழுதி வைத்திருப்பேன். நல்ல குரலும் ஞாபகசக்தியும் உள்ள பிள்ளையாகப் பார்த்துப் பிடிப்பேன். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் கொடுப்பேன். அலுவலக அலமாரியில் இருந்த ஆங்கிலக் கோப்பைகளில் முக்கால்வாசி அப்படி வந்தவைதான்.

இசக்கியம்மாள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் என் கண்ணில் பட்டாள். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால் மறுகோடியில் இருப்பவள் திரும்புவாள், அப்படி ஒரு குரல். அவளுடைய அம்மா முருகம்மாள் தம்பானூரில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் காய் நறுக்கும் வேலை பார்த்தார். விடியும் முன்பே போக வேண்டிய வேலை. அப்பா விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். மகள் பத்து முடித்ததும் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேர்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம். கடையிலும் பேசி வைத்திருந்தார். பிளஸ் ஒன் படிக்க வைக்க வேண்டும் என்று முருகம்மாள் தினமும் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் அந்தம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

எங்கள் பள்ளி ஆங்கில தினத்துக்கு நான் இசக்கியைத் தேர்ந்தெடுத்தேன். முதல் பரிசு வாங்கும் பிள்ளை, பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு அதே தலைப்போடு போகும். தலைப்பு ‘என் அம்மா’. அலமாரியிலிருந்து என் பேச்சை எடுத்துக் கொடுத்தேன். சிரித்த முகம், பால், வாசல் எல்லாம் அதில் இருந்தன. இரண்டே நாளில் தலைகீழாகச் சொன்னாள். ஒரே ஒரு முறை மட்டும் இடையில் நிறுத்தினாள்.

“டீச்சரே, நான் எந்திக்கும்போ எங்கம்ம வீட்ல இருக்க மாட்டால்லா. ஸ்கூல் விட்டுப் போனா சாவி சன்னல்ல இருக்கும், அம்ம இருக்காது.”

“அது ஸ்பீச் பிள்ளே. ஸ்பீச்சுன்னா அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் பென்சிலை எடுத்து அடுத்த வரியில் கை எங்கே போக வேண்டும் என்று குறித்தேன். ஒரு பிள்ளை என்னிடம் வந்து, ஆங்கிலத்தில் சொல்வதற்குத் தன்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது என்று அறிவிக்கிறாள். ஆங்கில ஆசிரியை ஒருத்தி வாழ்நாளெல்லாம் காத்துக் கிடக்க வேண்டிய வாக்கியம் அது. நான் வாயைப் பொத்தி அனுப்பினேன். அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஆங்கில தினத்தன்று முருகம்மாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். கணவரையும் விழிஞ்ஞத்திலிருந்து வரவழைத்திருந்தார். மகள் பேசுவதைக் காதால் கேட்டால் அவர் மனம் மாறுவார் என்ற கணக்கு. இசக்கி பிசிறில்லாமல் பேசினாள். அரங்கமே கை தட்டியது. கோப்பை அவளுக்குத்தான். மேடைக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் முருகம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தார். இசக்கி கோப்பையோடு என் அருகில் நின்றாள்.

“டீச்சரே, எம்மவ என்னயப் பத்தி என்ன சொன்னா? எல்லாரும் கை தட்டுதாவ. எனக்கு ஒண்ணும் விளங்கல பாத்துக்கிடுங்க.”

பாடம் நடத்தும்போது வராத வேகத்தில் எனக்குப் பொய் வந்தது. “நீங்க ஹோட்டல்ல படுற பாட்டைத்தான் சொன்னா. இவ்வளவு கஷ்டப்பட்டு வளர்க்கிறீங்கன்னு சொன்னா” என்றேன்.

அந்தம்மா அழுதுவிட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கணவரிடம் திரும்பி, “கேட்டேளா, என் பாட்டைச் சொல்லித்தான் கப்பு வாங்கியிருக்கா” என்றார். அவர் கோப்பையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “செரி, அந்தப் பெரிய போட்டியிலயும் செயிச்சா மேல படிக்கட்டும். இல்லேன்னா துணிக்கடைதான்” என்று ஒரு தீர்ப்பு சொன்னார். இசக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு யாரிடமோ வேலை இருப்பதுபோல் நகர்ந்து போனேன்.

அதற்குப் பிறகு அவள் என் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. பெரிய போட்டிக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்றாள். இரண்டு வாரத்தில் பள்ளிக்கு வருவதே நின்றுவிட்டது. ஒரு திங்கட்கிழமை முருகம்மாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

“படிக்க மாட்டேங்கா டீச்சரே. துணிக்கடைக்கு இப்பவே போறேன்னு அடம் பிடிக்கா. அதுவரைக்கும் என்கூட ஹோட்டலுக்கு வாறா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா. நீங்க சொன்னா கேப்பா.”

‘நீங்க சொன்னா கேப்பா.’ அந்தம்மா அதைச் சொன்னபோது எனக்குத் தலைகுனிவாகிப் போனது. காரணம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது? எனக்கு மேலே இருந்தவர்கள் எல்லாரும் என்னைப்போலவே கப்பு ஆட்கள்.

பக்கத்து வகுப்பில் ஒரு தினக்கூலி ஆசிரியை இருந்தாள். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள். வித்துராவுக்கு மேலே எஸ்டேட் லயத்தில் பிறந்த தமிழ்ப் பெண். ஒருவர் நீண்ட விடுப்பில் போனதால் கிடைத்த வேலை. அவள் வகுப்பு எப்போதும் சந்தைக்கடையாகவே இருக்கும். அந்தச் சத்தம் பொறுக்காமல் ஒரு வருடத்துக்கு முன்பு நான்தான் அவள்மேல் எழுத்தில் புகார் கொடுத்திருந்தேன். ‘வகுப்பில் ஒழுங்கு இல்லை, அடுத்த வகுப்புகளுக்கு இடையூறு’ என்று மூன்று வரி. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் அவளிடம்தான் போனேன். வேறு போக்கிடம் இல்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. முகம் சிவந்துவிட்டது.

“டீச்சர், அந்தக் குட்டிக்கிட்ட சொந்தமா ஒரு அம்மா இருந்துச்சு. அதைப் பிடுங்கிட்டு வேற ஒண்ணு குடுத்தீங்க. பின்ன அவ எங்ஙன வாயத் திறப்பா? முதல்ல போய் மாப்பு சொல்லுங்க. இங்கிலீஷ் எல்லாம் அது கழிஞ்சு பாக்கலாம்.”

சின்னப் பெண் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்கிறாளே என்று முதலில் சுருக்கென்றது. ஆனால் அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

மதியக் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து அந்த ஹோட்டலின் பின்பக்கம் போனேன். முருகம்மாளும் இசக்கியும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார் அந்தம்மா. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். அன்றைக்கு உங்கள் மகள் உங்களைப் பற்றிப் பேசவில்லை. பேசியது நான் எழுதியது. நான் உங்களிடம் சொன்னதும் பொய். அவள்மேல் தப்பில்லை.

முருகம்மாளின் கை நின்றது. “அப்பம் அன்னைக்கு அவ சொன்ன அம்மா யாரு டீச்சரே?”

“யாரும் இல்லம்மா. எல்லாப் பிள்ளைக்கும் நான் எழுதிக் கொடுக்கிற ஒரு அம்மா.”

“என்னயச் சொல்லியிருந்தா கப்பு கிடைச்சிருக்காதோ?”

சமாளிக்க வாய் வரை ஏதோ வந்தது. விழுங்கிவிட்டேன். “கிடைச்சிருக்காது” என்றேன்.

“பின்ன அது என்னத்தப் போட்டி?” என்று கேட்டார் முருகம்மாள். கல்வித்துறையில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் இசக்கி பேசினாள். “அம்ம பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டே நடந்தா, எம்மவ என் பாட்டைப் பேசி கப்பு வாங்குனான்னு. கடைக்காரங்ககிட்டயும் சொன்னா, லைன் வீட்ல எல்லார்கிட்டயும் சொன்னா. நான் பக்கத்துலயே நிக்கேன். இல்லன்னு சொன்னா அம்ம மனசு ஒடிஞ்சு போவும். ஆமான்னு சொல்ல நாக்கு வரல. அந்தக் கிளாஸ்ல எப்படி டீச்சரே உக்காருவேன்?”

பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் என் பொய்யைத் தூக்கி வைத்துவிட்டு, அவளுக்கு வயிற்றுவலி என்று வருகைப் பதிவேட்டில் எழுதியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. “நான் வாறேன். ஆனா நான் எழுதுறதுல நீங்க கை வைக்கப்பிடாது” என்று மட்டும் சொன்னாள். முருகம்மாள் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

அதன் பிறகுதான் நான் வகுப்பு நடத்தக் கற்றுக்கொண்டேன். பக்கத்து வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக எதிர் எதிரே உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசுவார்கள். ஒருத்தி பேசினால் மற்றவள் கேட்க வேண்டும், ஏனென்றால் எழுந்து நின்று வகுப்புக்குச் சொல்ல வேண்டியது கேட்டவள்தான். வார்த்தை தெரியாவிட்டால் தமிழோ மலையாளமோ போட்டுவிட்டு மேலே போகலாம். போகாமல் நிற்கத்தான் கூடாது. ஆசிரியை நடுவில் ஒரு வார்த்தையும் திருத்த மாட்டாள். எந்த வார்த்தைகளுக்கு எல்லாரும் தவித்தார்களோ அவற்றைக் கடைசியில் கரும்பலகையில் எழுதிப் போடுவாள். தவித்த பிறகு கிடைக்கிற வார்த்தை மறக்காது. சந்தைக்கடை என்று நான் புகார் கொடுத்த சத்தம் அதுதான். குண்டூசி விழுந்தால் கேட்கிற என் வகுப்பில் முப்பது வருடமாகக் குண்டூசியைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

எழுத்தும் அதிலிருந்துதான் வரும். பேசி முடித்த கையோடு அதையே ஐந்து வரி எழுதச் சொல்வாள். சிவப்பு மையால் கீற மாட்டாள். கீழே ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுப்பாள், உண்மையிலேயே அவளுக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கிற கேள்வி. பிள்ளை அதற்குப் பதில் எழுத மறுபடி உட்காரும். பிழைகளைப் பார்ப்பது மூன்றாவது நாள்தான். அதற்குள் அந்தப் பக்கத்தின்மேல் பிள்ளைக்கே ஒரு அக்கறை வந்திருக்கும், திருத்தச் சொன்னால் சண்டைக்கு வராது.

இசக்கி திரும்பி வந்து எழுதிய முதல் ஐந்து வரியில் இது இருந்தது: அம்மா தினமும் இரண்டு சாக்கு வெங்காயம் உரிப்பாள். வீட்டுக்கு வந்தால் எங்களைத் தொட மாட்டாள். தம்பி அழுவான். என் கை கத்தரிக்கோலைப் பிடிக்க நீண்டது, சிவப்புப் பேனாவைத்தான் சொல்கிறேன். அடக்கிக்கொண்டு, ‘ஏன் தொட மாட்டாள்?’ என்று கீழே எழுதினேன். மறுநாள் ஒரு பக்கம் வந்தது: சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாத வெங்காய நாற்றம் எங்கள் சீருடையில் ஒட்டினால் பள்ளியில் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பயப்படுகிறாள், எனக்குத் தலை பின்னிவிடுவது பக்கத்து வீட்டு அக்கா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்துவிட்டுத் தம்பியைத் தூக்குவாள். அவ்வளவும் அவளுடைய ஆங்கிலம். எந்த அகராதியிலும் பார்த்து எழுதியதல்ல.

பெரிய போட்டியில் அதைத்தான் பேசுவேன் என்றாள் இசக்கி. ஹெச்.எம்.மிடம் சொன்னேன். எழுதியதை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் போட்டார்.

“இது வேண்டா டீச்சரே. வெங்காயமும் நாத்தமும்! ஸ்கூலோட மானம் போவும், கேட்டோ. பழைய ஸ்பீச் மதி, அது போதும்.”

“அது அவளோட அம்மா இல்ல சார்.”

“அம்மா ஏதானால் என்ன? கப்பு வருமோ, அதைச் சொல்லுங்க.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கிருந்து இந்தப் புதிய பழக்கம் என்று கேட்டார். பெருமையாக, பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லித் தொலைத்தேன். அந்த வாரமே அவளுடைய தினக்கூலி நியமனத்தை நீட்டிக்காமல் நிறுத்திவிட்டார். காரணமாக அவர் காட்டியது என் புகாரை. என் கையெழுத்து, என் மூன்று வரி. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். “பைலில் போன காகிதம் போனதுதான் டீச்சரே” என்றார். போட்டியில் தலையிட்டால் உங்கள் வகுப்பும் பைலில் வரும் என்பது அதற்கு அர்த்தம். எனக்கு அது உறைத்தது. ஆனாலும் எதைப் பேசுவது என்பதை இசக்கியிடமே விட்டேன். அந்தப் பெண் ஒரு பையில் தன் சாக்பீஸையும் பாட நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு வித்துரா பஸ் ஏறினாள். என்னிடம் ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நல்ல ஆசிரியர்களைச் சத்தம் என்ற பெயரில் துரத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று கூட்டம் போட்டுப் புலம்புகிறோம். நான் அந்தக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவள்.

போட்டி நகரத்தில் இன்னொரு பள்ளியின் அரங்கத்தில். இசக்கியின் அப்பாவும் அம்மாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் தீர்ப்பு எனக்கு மறக்கவில்லை. ஜெயித்தால் பிளஸ் ஒன், தோற்றால் துணிக்கடை. பழைய பேச்சைப் பேசினால் இவள் ஜெயித்துவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். இவளுக்கு முன் பேசிய பிள்ளைகளின் பேச்சைக் கேட்டேன், இவள் குரலுக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை. இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். அத்தனை பட்ட பிறகும், அந்தப் பழைய தாளை மடித்து என் கைப்பையில் வைத்திருந்தேன். அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் பேச வேண்டியிருந்தபோது அதை வெளியே எடுத்தேன்.

“இசக்கி, ஒளிக்காமச் சொல்லுதேன். இதைப் பேசினா அநேகமா உனக்குத்தான் கப்பு. உன்னோடதைப் பேசினா கிடைக்காது. உங்கப்பா சொன்னது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“நல்லா யோசி. படிப்பு விஷயம்.”

அவள் தாளை வாங்கி விரித்துக்கூடப் பார்க்கவில்லை. “அது எங்கம்ம இல்லல்லா டீச்சரே” என்று சொல்லி என் கையிலேயே வைத்துவிட்டு மேடைக்குப் போனாள்.

கையை நெஞ்சுக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெங்காயத்தைச் சொன்னாள், அழுகிற தம்பியைச் சொன்னாள். எலுமிச்சம்பழம் வரும் இடத்தில் தேய்ப்பதற்கு வார்த்தை வராமல் நின்றாள். அரங்கம் காத்திருந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன், எடுத்துக்கொடுக்க வாய் துடித்தது. அவள் தமிழிலேயே ‘தேய்ப்பா’ என்று சொல்லி, கையால் செய்து காட்டிவிட்டு மேலே போனாள். யாரோ சிரித்தார்கள். மணி அடிக்கும் முன் முடித்துவிட்டாள். எங்கள் ஹெச்.எம். அதற்கு முன்பே எழுந்து போயிருந்தார்.

பரிசு எதுவும் இல்லை, ஆறுதல் பரிசுகூட இல்லை. நடுவரின் குறிப்பை எங்களிடம் கொடுத்தார்கள். ‘போதிய பயிற்சி இல்லை. வேற்றுமொழிச் சொல் கலந்தது. சைகைகள் சரியில்லை.’ உச்சரிப்புக்கு ஒரு கட்டம், சரளத்துக்கு ஒரு கட்டம், சைகைக்கு ஒரு கட்டம் இருந்தது. பிள்ளை என்ன சொன்னாள் என்பதற்குக் கட்டமே இல்லை. அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது. அந்த மாதிரித் தாள்களில் எத்தனை பிள்ளைகளுக்கு நானே மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்று நினைத்ததும் கை அடங்கிவிட்டது.

நான்கு பேரும் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றோம். இசக்கியின் அப்பா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்லி அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். முருகம்மாள் இந்த முறை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளிடம்தான் திரும்பினார்.

“நடுவுல நின்னியே, எனக்கு உசுரே போயிட்டு. என்னத்த யோசிச்ச?”

“நீ எலுமிச்சங்கா தேய்ப்பேல்லா, அதுக்கு எழுதின இங்கிலீஷ் மறந்துட்டு.”

“அதையுமா சொன்ன!” முருகம்மாள் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு நடுத்தெரு என்றும் பாராமல் மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். “எங்க சைட்டுல வடநாட்டு எஞ்சினீயர் ஒருத்தர் இங்கிலீஷ்லதான் பேசுவாரு. அவரும் இப்பிடித்தான், நின்னு, யோசிச்சு, மறுபடி பேசுவாரு. போன தடவ இவ மழ கொட்டுன மாதிரி ஒப்பிச்சா. இன்னைக்குத்தான் பேசுனா.” என் பக்கம் திரும்பினார். “பிளஸ் ஒன்னுக்கு எதுல சேக்கணும் டீச்சரே?”

என்னிடம் பதில் தயாராக இருந்தது. எந்தப் பிரிவு, எந்தப் பள்ளி, எல்லாமே நாக்கு நுனியில் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, “அவகிட்டயே கேளுங்க” என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். வீட்டில் அப்படி அவளை யாரும் கேட்டதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. மெதுவாக ஆரம்பித்தாள். நடுவில் நின்றாள், யோசித்தாள், முதலில் சொன்னதை மாற்றிக்கொண்டாள், மறுபடி தொடங்கினாள். தம்பானூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். இசக்கி இன்னும் முடிக்கவில்லை. நாங்கள் யாரும் ஏறவில்லை.